முதல் தட்டு

"போயும் போயும் அந்த இடத்துல நின்னு, அவங்களை 'வாங்க வாங்க'ன்னு சொல்லணுமா அத்தை?"

வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டான் டெல்மர். வெர்னா அத்தை மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. பாட்டுத் திருவிழா நடக்கும் அந்த மைதானத்தில்தான் முன்பு விடுதிப் பள்ளி இருந்தது. கனடாவின் பூர்வகுடிகளான எங்கள் க்ரீ ஜனங்களின் பிள்ளைகளை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போய் அடைத்த பள்ளி. பல பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. அத்தையோடு அங்கே அடைபட்டிருந்த அவள் தம்பி எல்வினும்தான். அப்புறம் கட்டடத்தை இடித்தார்கள், நிலத்தை யாரோ வாங்கி வேலி போட்டார்கள்.

அங்கே வருஷா வருஷம் வரவேற்புரை சொல்லப் போகிறவளை ஊர் சும்மா விடுமா? ஒரு போர்வைக்கும் ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கும் விலைபோய்விட்டாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

விழா மேடையில் ஒரு இளைஞன், இது க்ரீ மக்களின் மண், தலைவணங்குகிறோம் என்று உருக்கமாகப் படித்தான். அத்தை எங்கள் மொழியில் நாலு வார்த்தை சொல்லி வரவேற்றாள். பலத்த கைதட்டல். போர்வை போர்த்தி, மூத்தவள் என்ற மரியாதைக்கு முதல் தட்டையும் அவள் கையில் கொடுத்தார்கள்.

அவள் தட்டோடு விறுவிறுவென்று மேடைக்குப் பின்னால் போனாள். ஒளிந்து தின்கிற அளவுக்கு வந்தாச்சா என்று டெல்மருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னாலேயே போனான்.

பாட்டுக்காரர்களுக்காக வைத்த கக்கூஸ் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை. அதன் ஓரம் அத்தை மண்டியிட்டிருந்தாள். தட்டு தரையில் இருந்தது. பையிலிருந்து வீட்டு ரொட்டியும் காய்ந்த இறைச்சியும் எடுத்து அதில் வைத்தாள்.

விருந்தென்றால் முதல் தட்டு செத்தவர்களுக்கு. எங்கள் வழக்கம் அது. டெல்மர் அவள் பக்கத்தில் குந்தினான்.

"இங்கயா அத்தை?"

"இங்கதான். உன் சித்தப்பா எல்வினைப் புதைச்சதை சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பார்த்தேன். இந்தப் பாறையை அடையாளம் வச்சுக்கிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பேனா? சின்னப் பிள்ளை பார்த்தது சாட்சி ஆகாதுன்னுட்டாங்க."

கக்கூஸ் கதவு ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது. அத்தை போர்வையைக் கழற்றிப் புல்மேல் விரித்தாள்.

"வருஷம் பூரா பூட்டுதான் டெல்மர். நான் அவங்களை வாங்கன்னு சொல்ற அன்னிக்கு மட்டும்தான், என்னை உள்ள விடுறாங்க."