பெட்டி கேட்ட கேள்வி

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்த தயாளனிடம் மருமகள் மருந்துப் பெட்டியை நீட்டினாள். அது பேசும் பெட்டி; கேட்கும் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால்தான் திறக்கும். வீடே கேட்கும் குரலில் கேட்டது:

"நேற்றோ இன்றோ ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா?"

மகனும் மருமகளும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றார் தயாளன்.

பெட்டி அவரை நம்பித் திறந்தது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை அவர் எடுப்பதற்குள் மனைவி சுகந்தி மூடியை அமுக்கிவிட்டாள்.

"சாப்பிட்டாரு. நேத்து மத்தியானம் நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். ரெண்டும் சேர்ந்தா பிரஷர் இறங்கி ஆளையே கொண்டுபோயிடும்."

பெட்டி பூட்டிக்கொண்டு ஆம்புலன்ஸை அழைத்தது.

"மானம் போச்சேடி," என்று முனகினார்.

"போகட்டும். நீங்க இருங்க."