வீட்டை எடுத்தவள்

அன்று காலையும் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்துக் கஞ்சி பருக்கினேன். அண்ணன் வந்தால் தெரியவேண்டுமென்று அவர் கேட்டதால், கட்டில் வாசலைப் பார்த்தே கிடந்தது.

அவர் பாரிசவாதத்தில் விழுந்ததிலிருந்து, வாவிக்கு அக்கரையில் மனைவி வீட்டோடு இருந்த அண்ணனுக்குப் பலமுறை ஆளனுப்பினேன். ஒரே பதில்தான்: "சீதனமா வீட்டை எடுத்தவதானே பாக்கணும்!"

கஞ்சி பருக்கி இரண்டு நாள் கழித்து, தோணிக்காரரிடம் வேறு செய்தி சொல்லியனுப்பினேன்: "அப்பா எழும்பி நடக்கார். வட்டை வயல்காணியை உங்கட பேருக்கு எழுத நொத்தாரிசு வாறாராம்."

பின்னேரமே அண்ணன் சேவலும் கையுமாக வந்து இறங்கினான்.

"அப்பா எங்ககா?"

"நேத்தே அடக்கம் பண்ணியாச்சு."

"மகன் நானிருக்க, ஆருகா கொள்ளிக்குடம் தூக்கின?" என்று கத்தினான்.

"வீட்டை எடுத்தவட புருசன்தான்," என்றேன்.

அண்ணன் வந்த தோணியிலேயே திரும்பினான். கட்டில் இன்னும் வாசலைப் பார்த்தபடிதான் கிடக்கிறது.