ஓரடி மிச்சம்

"ஏன்க்கா, ஆம்பளைங்க யாரும் இல்லையா? நீங்க எதுக்கு ஆணி அடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

வாசலில் நின்றபடியே கேட்டான் ஜோஷுவா. அந்த அம்மாள் சுத்தியலைப் பிடித்திருந்த லட்சணம் அப்படி. ஓங்கி ஓர் அடி, ஆணி கோணிக்கொண்டது. இன்னோர் அடி, விரலில் பட்டது. ஏற்கெனவே இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது.

கிர்க்கி பஜாருக்குப் பின்னால், சவப்பெட்டி செய்யும் தகரக் கொட்டகை அது. 'லியோனார்ட்' என்று பலகை தொங்கியது. சவ வேன் ஓட்டும் காசிம்தான் வழி சொல்லி அனுப்பியிருந்தார். "லியோனார்ட் பாய் யாருக்கும் இல்லேன்னு சொல்ற ஆளே இல்ல, போங்க" என்று.

"லியோனார்ட் அண்ணன் எங்கே?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார் தம்பி. நாளைக்குக் காலைலதான் வருவார்" என்றாள் ஜெபமணி, லியோனார்டின் மனைவி.

அளவெடுக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டான் ஜோஷுவா. பெட்டிக்காரருக்கு ஆஸ்பத்திரியில் வேலைக்கா பஞ்சம்? கட்டின பெண்டாட்டியைச் சுத்தியலும் கையுமாக விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே மனுஷன்!

"வேற ஆசாரியையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"மனசு வரல" என்றாள் அவள். "உங்களுக்கு என்ன வேணும்?"

"பெட்டி வேணும்க்கா. இன்னிக்கு நாலு மணிக்கு. எங்கம்மாவுக்கு."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. பாளையங்கோட்டையில் நாலு பேரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவளை, தனியாக இருக்காதே என்று வடக்கே தான் வேலை பார்க்கும் பாணேருக்குக் கூட்டிவந்து ஏழாவது மாடியில் வைத்தான். ஊருக்குப் போகணும்டா, ஊருக்குப் போகணும்டா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நேற்றுச் சாயங்காலம் ஒரேயடியாகப் போய்விட்டாள். நல்லடக்கமாவது நல்லபடியாக நடக்க வேண்டாமா?

"கேம்ப் ஏரியாக் கடைகள்ல கேட்டா நாளைக்குத்தான் ஆகும்கறாங்க. ராத்திரியிலேர்ந்து ஐஸ்ல வெச்சிருக்கேன். மே மாச வெயில், இனிமே தாங்காதுக்கா. இதோ இருக்கே, இதைக் குடுத்துடுங்களேன்!"

அவள் முன்னால் கிடந்த பெட்டியைக் காட்டினான். ஆணிகளெல்லாம் ஆளுக்கொரு திசையில் நின்றாலும், உள்ளே வைத்துத் தைத்திருந்த வெள்ளைத் துணியும் ஓரத்து லேஸும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன.

"இது வேற ஆளுக்கு. நாளைக்கு வேணும்."

"நாளைக்குத்தானேக்கா!"

ஜெபமணி சுத்தியலைக் கீழே வைத்தாள். பெட்டி ஓரத்து லேஸை ஒரு தரம் நீவிவிட்டாள்.

"அம்மா என்ன உசரம்?"

"என் தோளுக்குக் கீழதான் இருப்பாங்க."

"இது ஆறடி ஆளுக்குப் போட்டது. கால்கிட்ட ஓரடி மிச்சமிருக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்லக்கா, பரவாயில்ல!"

மூலையில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்த அவள் மகள் டானியா எழுந்து ஓடிவந்தாள். மரத்தூள் பட்டதோ என்னவோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நை மம்மி! அது குடுக்காதே. ப்ளீஸ் மம்மி. நான் எவ்ளோ மெஹனத் பண்ணி, கஷ்டப்பட்டு லேஸ் வெச்சேன்! பப்பா..."

"பப்பா இங்க இருந்தா என்ன செய்வார்? நீயே சொல்லு. வாசல்ல வந்து அழற பிள்ளையை இல்லேன்னு அனுப்புவாரா?"

டானியா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். ஒரு பெட்டிக்கு இத்தனை பிடிவாதமா என்று ஜோஷுவாவுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

ஜெபமணி ஊசியை எடுத்தாள். அடேயப்பா, அதே கையா இது! மளமளவென்று ஒரு குட்டித் தலையணை தைத்துக் கால்மாட்டில் வைத்தாள்.

"தூக்கறப்ப அம்மா சரிஞ்சிடக் கூடாது பாருங்க. மரம் அவர் பாடு, துணி என் பாடு. கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான். சுத்தியலைத் தொட விடமாட்டார். இன்னிக்குத்தான் முதல் தடவை."

"அப்போ நாளைக்கு உங்களுக்கு?"

"ராத்திரி இன்னொண்ணு அடிச்சுக்கறேன். இப்பக் கை பழகிடுச்சில்ல?"

மனபாரம் குறைந்த ஜோஷுவா லேசாகச் சிரித்தான். "அண்ணன் வந்து இந்த ஆணியை எல்லாம் பார்த்தா உங்களைத் திட்டப்போறார்க்கா."

"திட்டினா நல்லாத்தான் இருக்கும் தம்பி" என்றாள் அவள். "நீங்க கிளம்புங்க, நேரமாச்சு."

நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். தூக்கியவர்களில் ஒருவர், "அம்மாவுக்கு இது ரொம்பப் பெரிசா இல்ல?" என்று முணுமுணுத்தார். கிடைத்ததே பெரிசு என்றான் ஜோஷுவா. எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அழுது ஓய்ந்து, கைமண்ணைத் தட்டிக்கொண்டு நின்றான்.

பாஸ்டர் ஜெபத்தை முடித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கலைஞ்சு போறதுக்கு முன்னால ஒரு அறிவிப்பு. நம்ம சபையார் எல்லாருக்கும் பெட்டி செய்து தந்த சகோதரர் லியோனார்ட் நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சரீரம் நாளைக் காலையில் வீட்டுக்கு வருகிறது. அடக்கம் பத்து மணிக்கு, இதே தோட்டத்தில்."

ஜோஷுவா குழிக்குள் குனிந்து பார்த்தான். அம்மாவின் காலடியில் மிச்சமிருந்த அந்த ஓரடி யாருடையது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.