டர்போ

“‘டர்போ’ன்னு இங்கிலீஷ்ல ஒட்டணும். எழுத்து நல்லா தடியா இருக்கணும்” என்றார் சுருளியாண்டி.

உத்தமபாளையத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருந்த தங்கப்பாண்டியன் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தைக் காட்டினான். இரும்புப் பாளத்தை வெட்டி அடுக்கியதுபோல, ராக்கெட்டில் எழுதுகிற தினுசில் இருந்தது.

“இதேதான்! இன்னும் தடியாக்க முடியுமா?”

“இதுக்கு மேலன்னா நடுவுல இடைவெளியே இருக்காதுண்ணே.”

“இருக்கவே வேணாம்.”

எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். “வண்டி இழுவை எப்படிண்ணே?”

“பண்ணைப்புரத்துல இருந்து மேட்டுலகூட நிக்காம வந்துச்சுப்பா.”

ஸ்டிக்கரோடு வெளியே வந்தவன், வாசலில் நின்ற ஜீப்பின் பின்னால் போனான்.

“அது இல்லப்பா. இங்கன வா.”

ஜீப்புக்கு அந்தப் பக்கம், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் அவர் மகள் மகாலட்சுமி காலேஜ் பையோடு உட்கார்ந்திருந்தாள். வண்டியின் பின்தகட்டில் ‘ஊனமுற்றோருக்கு இலவசம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

“வண்டி குடுத்தவுக எழுதிட்டாக. அதுக்கு மேலயே ஒட்டுப்பா.”

தங்கப்பாண்டியன் மெல்லத் தேய்த்துத் தேய்த்து ஒட்டினான். ‘இலவசம்’ மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அவனாகவே உள்ளே போய், ஒரு மின்னல் ஸ்டிக்கர் வெட்டி வந்து அதையும் மூடினான்.

“மின்னலுக்கு எவ்வளவுண்ணே?” மகாலட்சுமி பர்ஸைத் திறந்தாள்.

“அதெல்லாம் ஃப்ரீ...” என்றவன் சட்டென்று நிறுத்தினான்.

“அஞ்சு ரூபாம்மா.”