படத்துக்கு முன்னால் வெர்னன்

இன்று நான் வெர்னனைப் போடவில்லை.

வேண்டுமென்றேதான். படம் ஓட்டும் கணினியில் அவன் வரும் அரை நிமிடத்தை மட்டும் நீக்கிவிட்டு, கீழே இறங்கி வந்து பாப்கார்ன் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

உள்ளே இரண்டாவது வரிசையில் லொரேன் காத்திருந்தாள். வெர்னனின் இரண்டாவது மனைவி. முதலாவது நான்.

சனிக்கிழமை மதியக் காட்சிக்குத் தவறாமல் வந்துவிடுவாள். டிக்கெட் வாங்குவாள், திரையில் வெர்னன் பேசி முடித்ததும் எழுந்து போய்விடுவாள். ஒரு படமாவது பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான். அவள் போட்டுக்கொண்டு வருவது அவனுடைய சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு. அதை அவனுக்கு வாங்கிக்கொடுத்தவள் நான். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

எங்கள் ஊர் நியூயார்க் மாநிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் நியூயார்க் நகரத்தில் ஒருவருக்கும் அதைத் தெரியாது. போன குளிர்காலத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் சுகாதார அலுவலகத்து அம்மாளைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்கு வந்தார்கள். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படத்தில் யாராவது சிகரெட் பிடித்தால், படத்துக்கு முன்னால் புகைக்க வேண்டாமென்று உள்ளூர்க்காரர் ஒருவர் பேசுவதைப் போட வேண்டும் என்றார்கள். முதலாளி தாடையைச் சொறிந்தார். மேலாளர் நான். முன்பே எடுத்து வைத்திருந்த வீடியோவை ஓட்டிக் காட்டினார்கள். பேசியது வெர்னன்.

முதலாளியைப் பேசவிடாமல் சரி என்று சொன்னது நான்தான். வெர்னன் இறந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

புற்றுநோய் வந்து அவன் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு சின்னக் கருவியை அழுத்திக்கொண்டு பேசுவான். ஷேவிங் மெஷினுக்கு வாய் முளைத்தால் அப்படித்தான் பேசும்.

“பதினாலு வயசுல, இதே தியேட்டர்ல, ஹீரோ பத்த வைக்கறதப் பாத்துட்டு நானும் வெளிய போயி மொத சிகரெட்டப் பத்த வெச்சேன். கூட வந்த பொண்ணுகிட்ட பந்தா காட்டணும்ல.”

அந்தப் பெண் நான்.

ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். வெட்கமெல்லாம் இல்லை, கர்வம்தான். அந்த அரை நிமிடத்தில் லொரேனுக்கு இடமே கிடையாது. யாருமே புகைக்காத படங்களுக்கும் அவனைப் போட்டேன். முயல்குட்டிகள் ஆடிப் பாடும் படத்துக்குக்கூட விடவில்லை. போட்டுவிட்டு, பின்னால் இருட்டில் நின்று நானும் பார்ப்பேன்.

என்ன செய்வது, எனக்கு வாய்த்த வெர்னன் கத்துகிறவன். வாசலில் நின்று கத்துவான், காருக்குள்ளிருந்து கத்துவான். விவாகரத்துக்குப் பிறகுதான் நோய் வந்தது. கருவியைக் கழுத்தில் எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்று மருத்துவமனையில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் லொரேன்; அவள் அவனை முதன்முதலில் பார்த்ததே அங்கேதான். அதற்குள் அவன் அடுத்தவர் பேசுவதைக் கேட்கப் பழகியிருந்தான். அந்த நல்லவன் முழுசாக அவளுக்குப் போய்விட்டான்.

அரங்கின் கதவு வழியாக லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது. கதாநாயகன் பற்றவைத்துவிட்டான். பையன்கள் விசிலடித்தார்கள்.

லொரேன் வெளியே வந்தாள்.

“வெர்னனக் காணோமே, மார்ஜி?”

“கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது.”

போய்விடுவாள் என்று பார்த்தேன். மேடைக்கு நேரே வந்து நின்றாள்.

“அந்தப் பொண்ணு நீங்கதான்னு அவரு சொல்லியிருக்காரு.”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“நான் கேட்டதெல்லாம் அந்த மெஷின் சத்தத்தத்தான். பழைய டேப்பு, வீடியோன்னு வீட்டுல ஒண்ணுமே இல்ல.” கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். “அவரோட சொந்தக் குரல் எப்படி இருந்துச்சு? கொஞ்சம் சொல்லுங்களேன்.”

நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை மாதமாகக் கண்ணாடியில் நான் பார்த்து வருகிற முகம். அவள் என்மேல் பொறாமைப்படுகிறாள்!

“கனமா இருக்குமா? சிரிச்சா எப்படி இருக்கும்?”

துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேடையை மறுபடி துடைத்தேன். மூலையில் ஒட்டியிருந்த உப்பை நகத்தால் சுரண்டினேன்.

“அது எனக்குன்னு இருக்கறது, லொரேன். அதையாவது விட்டு வையி.”

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டை இழுத்து மூடி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பனியில் இறங்கிப் போனாள். கார் வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

மேலே போய் அடுத்த காட்சிக்கு வெர்னனைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். விசிலடித்த பையன்களைப் பார்த்தபின் மனசு கேட்கவில்லை.

லொரேன் கேட்ட நொடியிலிருந்து அந்தக் குரலைத் தேடிக்கொண்டேதான் இருக்கிறேன். முதல் சிகரெட் பிடித்த அன்றைக்குத் தியேட்டர் வாசலில் இருமலுக்கு நடுவே அவன் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. எங்கள் சண்டைகள் அத்தனையும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கின்றன.

எல்லாவற்றிலும் அவன் கழுத்தில் அந்தக் கருவியை அழுத்திக்கொண்டுதான் கத்துகிறான்.