கண்ணால் அடக்கும் வித்தை

"குதிரையை அடக்கக் கயிறும் வேண்டாம், சாட்டையும் வேண்டாம். என் கண் போதும்," என்றார் பயிற்சியாளர். குதிரை வளர்ப்போர் கருத்தரங்கில் நாற்பது பேர் பயபக்தியுடன் குறிப்பெடுத்தார்கள்.

முன்வரிசைப் பெண் எழுந்தார். "சார், என் குதிரை காலைத் தொட்டாலே உதைக்குது. லாடம் அடிச்சு மூணு மாசமாச்சு. இன்னைக்கும் வழி பொறக்கலைன்னா வித்துடலாம்கிறார் வீட்டுக்காரர்."

"கூட்டிட்டு வாங்கம்மா."

கொட்டகையிலிருந்து வந்த குதிரையைப் பயிற்சியாளர் முறைத்தார். அது தலையைத் தொங்கப்போட்டது. கீழுதடும் தொங்கியது.

"பாத்தீங்களா, மரியாதை."

பின்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். குதிரை சிலையாக நின்றது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"இனி விக்க மாட்டோம் சார்," என்றார் அந்தப் பெண். பயிற்சியாளர் குதிரையின் காலை விடாமலே பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

கால்நடை மருத்துவர் ஈரக்கையோடு உள்ளே வந்தார். "குதிரை இங்கயா இருக்கு? பல்லையும் பாக்கச் சொன்னீங்களேம்மா, அடுத்த வகுப்புல அரத்தால ராவிக் காட்டலாம்னு மயக்க ஊசி போட்டுட்டுக் கை கழுவப் போன இடத்துல தண்ணி வர நேரமாயிடுச்சு. அரைமணி நேரம்தான் தாங்கும். இந்நேரம் தெளியணுமே."

மடியிலிருந்த கால் மெல்ல அசைந்தது.

"டாக்டர்," என்றார் பயிற்சியாளர், குதிரையின் கண்ணைப் பார்க்காமல், "இன்னொரு ஊசி வச்சிருக்கீங்களா?"