சாலையோர ஆமணக்கு

கருப்பாயி பிள்ளைகளின் வயிற்றில் அடித்தவன் ஜப்பான்காரன் இல்லை, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் செல்லப்பன்.

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம்; காஹாங் பக்கத்துத் தோட்டம். கிழங்கு இறங்கும் சமயத்தில் அவளுடைய மரவள்ளியை வேரோடு பிடுங்க வைத்து, அங்கே ஆமணக்கு நட வைத்தான். லயத்து வரிசை வீடுகளில் மற்றவர்களின் மேட்டுக் கொல்லைகளில் ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை.

"என் ஒருத்தி கொல்லைதான் ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா? புருஷன் சயாம் ரயிலு வேலைக்குப் போயிட்டான், கேக்க நாதியில்லேன்னுதானே?"

"சர்க்கார் உத்தரவு. நடு."

அதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை. கருப்பாயியிடம் ஒன்றைச் சொன்னால், அது சாயங்காலத்துக்குள் காஹாங் கடைத்தெருவுக்கே தெரிந்துவிடும்.

சர்க்கார் உத்தரவின் அழகைக் கேளுங்கள். விமானத்துக்கு எண்ணெய் வேண்டுமாம்; எல்லாக் கொல்லையிலும் ஆமணக்கே நிற்க வேண்டுமாம். ஆமணக்கு நட்டால் அரிசி மானியமாம். தின்ன முடிந்ததைப் பிடுங்கி, தின்ன முடியாததை நட்டால், தின்னக் கொடுப்பார்கள்! கொடுத்ததோ ஆளுக்கொரு சிரட்டை, சுண்ணாம்பு கலந்த அரிசி. வயிற்றுக்குப் போதாது, அறிக்கைக்குப் போதும்.

ஆனாலும் கருப்பாயி வீட்டு அடுப்பு அணையவில்லை. இன்று வேலு வீட்டுக் கிழங்கு, நாளை காளியப்பன் வீட்டுக் கிழங்கு என்று தினம் வாசலுக்கு வந்தது.

"ஒங்களுக்கு இருக்கிற ஈரம் அந்த மண்டோருக்கு இல்லையே!" என்பாள்.

பக்கத்து வீட்டு ராசம்மா எதையோ சொல்ல வந்து விழுங்கிக்கொள்வாள்.

ஆமணக்கு ஆள் உயரம் வளர்ந்தது. ஜப்பான் அதிகாரி பார்வையிட வந்தான்.

"வரட்டும். எல்லார் கொல்லையிலயும் மரவள்ளி நிக்குது, என்னுது மட்டும் ஏன் போச்சுன்னு அவன்கிட்டயே கேக்கிறேன்."

"வேணாம் லா, கருப்பாயி!"

ராசம்மாவின் கையை உதறிவிட்டுச் சாலைக்கு ஓடினாள்.

லாரி நின்றது. அதிகாரி இறங்கவில்லை, பூட்ஸில் சேறு படுமே!

"துவான்!" என்று கத்தினாள். லாரியோரம் நின்றிருந்த செல்லப்பன் முகத்தில் ரத்தமே இல்லை.

அதிகாரி மேட்டைக் கைகாட்டி, அரைகுறை மலாயில் கேட்டான்:

"அது எல்லாம் ஆமணக்கா?"

கருப்பாயி திரும்பிப் பார்த்தாள். ஆமணக்கு வளர்ந்த பிறகு, சாலையில் நின்று தன் கொல்லையை அவள் பார்த்ததே இல்லை. சாலையை ஒட்டி இருந்தது அவள் கொல்லை ஒன்றுதான். முன்னால் அவளுடைய ஆமணக்கு. அதற்குப் பின்னால், மேடு முழுக்க, அதே விரல் விரித்த இலைகள். எது ஆமணக்கு, எது மரவள்ளி என்று அவளுக்கே பிரிக்க முடியவில்லை.

லயத்துச் சோறு முழுக்க அவள் ஆமணக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. தினம் ஒரு வீட்டுக் கிழங்கு... முறை வைத்தது யார் என்பதும் புரிந்தது.

அதிகாரி லாரிக் கதவைத் தட்டினான். "ம்?"

கருப்பாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எல்லாம் ஆமணக்குதான், துவான். வேற எதையும் நட, இந்தப் பாழாப்போன மண்டோர் விட்டாத்தானே!"